மூன்றால் வகுபடாதது

என் அக்கா மகனின் கெண்டைக்கால்களைப் பார்த்து எல்லோரும் கண் வைத்தார்கள். நான்கு வயதிலேயே அவை உருண்டு திரண்டு பயில்வான் கால்கள் மாதிரி இருக்கும். உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் அக்கா வாழ்க்கைப்பட்ட தோப்பு வீட்டுக்கு யார் வந்தாலும், அவனைப் பிடித்து நிறுத்தி அந்தக் கால்களை ஒருமுறை அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் காப்பி டம்ளரைக் கையில் வாங்குவார்கள். “பெரிய கபடி ஆட்டக்காரனா வருவான் பாருங்க” என்பார்கள். அவர்கள் போனதும் அக்கா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடுவாள்.

அவன் தரையிலிருந்து எழுந்திருக்கும் விதம்தான் எனக்கு ஒரு மாதிரியாகப் பட்டது. மற்றப் பிள்ளைகள் மாதிரி சட்டென்று எழமாட்டான். முதலில் குப்புறத் திரும்புவான். இரண்டு கைகளையும் ஊன்றி இடுப்பை உயர்த்துவான். பிறகு ஒரு கையை முழங்காலில் வைத்து, மறு கையைத் தொடையில் வைத்து, தன் கால்களின் மேலேயே கைகளால் ஏறுவது போல மெல்ல மெல்ல நிமிர்வான். மச்சான் அதைப் பார்த்துச் சிரிப்பார். “கெழவனாட்டம் எந்திரிக்கறான் பாரு” என்பார். அவனும் சிரிப்பான். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அதை ஒரு வித்தை போலச் செய்து காட்டுவான்.

நான் அப்போது கோவையில் ஒரு பெண்கள் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வீடு பல்லடத்தில். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கொட்டகை. விசைத்தறிகளின் சத்தத்துக்குள்தான் நானும் அக்காவும் பேசக் கற்றுக்கொண்டோம். இன்றும் எங்கள் வீட்டு ஆட்கள் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்கள். அக்கா பத்தாவதோடு நின்றுவிட்டவள். என்னைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று அப்பாவிடம் சண்டை போட்டதும் அவள்தான்.

இரண்டாம் ஆண்டில், உயிரணு எப்படிப் புரதம் செய்கிறது என்கிற பாடம் வந்தது. உடம்பில் நடக்கிற வேலை ஏறக்குறைய எல்லாமே புரதங்களின் வேலை. தசை சுருங்குவது, ரத்தம் காற்றைச் சுமப்பது, தின்ற சோறு செரிப்பது எல்லாமே. எந்தப் புரதத்தை எப்படிச் செய்ய வேண்டும் என்பது உயிரணுவின் நடுவில் இருக்கும் டி.என்.ஏ.வில், நான்கே எழுத்துகளை மாற்றி மாற்றி எழுதப்பட்டிருக்கிறது. அந்த மூலப்பிரதி தன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. எந்தப் புரதம் வேண்டுமோ அந்தப் பகுதிக்கு மட்டும் ஆர்.என்.ஏ. என்கிற நகல் எடுத்து வெளியே அனுப்பப்படும். வெளியே காத்திருக்கும் ரைபோசோம் அந்த நகலைப் பிடித்துக்கொண்டு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றெழுத்துக்கும் ஓர் அமினோ அமிலம். படிக்கப் படிக்க அமிலங்கள் ஒன்றோடொன்று கோக்கப்பட்டுச் சங்கிலியாக நீளும். ‘நிறுத்து’ என்று பொருள்படும் மூன்றெழுத்து வந்ததும் ரைபோசோம் கழன்றுகொள்ளும். சங்கிலி மடிந்து சுருண்டு தன் உருவத்துக்கு வந்து வேலைக்குப் போய்விடும்.

எங்கள் விரிவுரையாளர் இதை ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். தமிழ்வழியில் படித்து வந்த நான் வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு அதை எனக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பேன். கம்பியைப் பிடித்திருக்கும் இந்தக் கைக்குள், பக்கத்தில் தூங்கிவழியும் இந்த அம்மாவுக்குள், டிக்கெட் கிழிக்கும் அந்தக் கண்டக்டருக்குள், இப்போது, இந்த நொடியில் அது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கும்போது உடம்பு சிலிர்க்கும். படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான். அது அதிக நாள் நீடிக்கவில்லை.

பையனை ஒன்றாம் வகுப்பில் சேர்த்திருந்தார்கள். ஓடும்போது அடிக்கடி விழுகிறான், படியேற மாட்டேன் என்கிறான், ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் என்று பள்ளியில் சொல்லி அனுப்பினார்கள். உடுமலையில் பார்த்த டாக்டர் கோவையிலிருந்த ஒரு நரம்பு டாக்டரிடம் அனுப்பினார். அக்கா, மச்சான், அம்மா மூன்று பேரும் பையனோடு வந்தார்கள். இங்கிலீஷ் தெரிந்தவள் என்பதால் நானும் கல்லூரிக்கு விடுப்புப் போட்டுவிட்டுப் போனேன்.

டாக்டர் வயதானவர். பையனிடம் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு, “கீழ உக்காந்து எந்திரிச்சுக் காட்டு கண்ணு” என்றார். அவனும் வழக்கமான வித்தையைச் செய்தான். கைகள் முழங்காலுக்கு வருவதற்குள்ளாகவே டாக்டர் பார்வையை அவனிடமிருந்து எடுத்துவிட்டார். அந்தக் கெண்டைக்கால்களைத் தொட்டுப் பார்த்தார். மற்றவர்கள் தொட்ட மாதிரி இல்லை அது.

பிறகு அக்காவையும் அம்மாவையும் பார்த்துக் கேட்டார்: “அம்மா வழியில யாராவது ஆம்பளப் பசங்களுக்கு இந்த மாதிரி நடக்க முடியாம போயிருக்குதுங்களா? மாமன்மாரு யாருக்காவது?”

“இல்லீங்க. எங்க பக்கம் அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றாள் அம்மா.

ரத்தத்தில் ஒரு நொதியின் அளவைப் பார்த்தார்கள். தசை உடைந்தால் ரத்தத்துக்குள் கசியும் நொதி அது. இருக்க வேண்டியதைவிடப் பல மடங்கு இருந்தது. மறுமுறை போனபோது டாக்டர் மச்சானையும் என்னையும் மட்டும் உள்ளே கூப்பிட்டார். கெண்டைக்கால் திரண்டிருப்பது பலத்தால் இல்லை என்றார். தசைநார்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன, செத்த இடத்தில் கொழுப்பும் நாரும் வந்து நிறைகின்றன, அதுதான் வீக்கம். பன்னிரண்டு வயதுக்குள் நடை நின்றுபோகும். அதன்பின் கைகள். அதன்பின் மூச்சும் இதயமும்.

“மருந்து எவ்வளவு செலவானாலும் பரவால்லீங்க. தோப்பை வித்துப்போடறேன்” என்றார் மச்சான்.

“மருந்து இல்லீங்க” என்றார் டாக்டர். அவர் அதை மிகவும் தணிந்த குரலில் சொன்னார். மச்சானுக்குச் சரியாகக் கேட்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்தான் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அன்றைக்கு அப்பாவுக்கும் நானே சொன்னேன். தசைநாரின் உள்பக்கத்தைத் தாங்கிப் பிடிக்க ஒரு புரதம் உண்டு, டிஸ்ட்ரோஃபின் என்று பேர், இவன் உடம்பில் அது உருவாவதில்லை, அதனால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் அதன் மேல்சவ்வு கிழிகிறது என்றேன். அவர் கொட்டகை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது.

“ஏன் உருவாகறதில்ல?”

“அதைய எப்படிச் செய்யறதுங்கற எழுத்துல தப்பு இருக்குதுங்கப்பா. நடுவுலயே அறுந்துபோகுது.”

“இழை அறுந்தா நாம தறிய நிறுத்தி முடிச்சுப் போட்டு ஓட்டறமல்லோ. எங்க அறுந்துச்சுன்னு தெரிஞ்சா கட்டிப்போடலாமே அம்மணி.”

“ஒரு தறின்னாக் கட்டலாங்கப்பா. ஒடம்புல இருக்கற அத்தனை தறியிலயும் அதே எடத்துல அறுந்திருக்குது.”

அவர் உள்ளே போய்விட்டார். அவர் மனம் எவ்வளவு நொறுங்கியிருந்தது என்பது அன்றிரவு அவர் சாப்பிடாமல் படுத்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த சில வருடங்கள் எப்படிப் போயின என்று விவரமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எண்ணெய் தேய்த்து நீவினார்கள். கேரளத்துக்குக் கூட்டிப்போய் வைத்தியம் பார்த்தார்கள். பழனிக்கு வேண்டிக்கொண்டு மச்சான் காவடி எடுத்தார். கோவையில் ஒருவர் தையல்காரர் மாதிரி அளவெடுத்துச் செய்து தந்த இரும்புப் பட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு கொஞ்ச நாள் நடந்தான். பத்து வயது முடிந்த கோடையில் ஒருநாள் வாசலுக்கும் கட்டிலுக்கும் நடுவே உட்கார்ந்துவிட்டான். அதன்பின் எழவில்லை. அக்கா அவனைத் தூக்கிக்கொண்டே எல்லா வேலையும் செய்தாள். அவன் வளர வளர அவள் முதுகு வளைந்துகொண்டே போனது.

அந்தச் சமயத்தில் உடுமலைப் பக்கம் காற்றாலைகள் முளைக்கத் தொடங்கியிருந்தன. ஒற்றை இறக்கையைச் சுமந்துகொண்டு நீளமான லாரிகள் ஊர்ந்து வரும். வளைவில் திரும்ப முடியாமல் நிற்கும்போது ரோடே அடைபடும். பையனுக்கு அதில் பைத்தியம். மச்சான் அவனை மொபெட்டில் முன்னால் உட்காரவைத்து, தன் தோள்துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கூட்டிப்போவார். “அது எத்தனை வருசம் சுத்தும்ப்பா?” என்று கேட்பானாம். மச்சானுக்குத் தெரியாது. “நெறைய” என்று சொல்லிவைப்பாராம்.

இடையில் இரண்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு நான் முதுகலையில் சேர்ந்தபிறகு, பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மரபணுவையே சோதித்துச் சொல்கிறார்கள் என்று தெரியவந்தது. சொன்னால் மட்டும் என்ன ஆகும் என்றார் மச்சான். ஆனாலும் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். டிஸ்ட்ரோஃபினுக்கான மரபணு மனித உடம்பில் மிக நீளமானவற்றில் ஒன்று. ஒரே தொடராக இல்லாமல் துண்டு துண்டாக இருக்கும். நகல் எடுத்தபின் வேண்டிய துண்டுகளை மட்டும் ஒட்டித்தான் ரைபோசோமுக்கு அனுப்பப்படும். இவனுக்கு அதில் அடுத்தடுத்த சில துண்டுகள் இல்லை என்று முடிவு வந்தது. டி.என்.ஏ.விலேயே இல்லை. போன துண்டுகளின் எழுத்துகளைக் கூட்டினால், அந்தக் கூட்டுத்தொகை மூன்றால் வகுபடவில்லை.

பெங்களூர் டாக்டர் அந்த வாக்கியத்தைச் சொன்னபோது எனக்கு மட்டும்தான் அது புரிந்தது. புரிந்தவள் நான் ஒருத்தி என்பதால் தனியாக அழ வேண்டியிருந்தது.

தோப்பு வீட்டுக்குப் போனபோது பையன் என்னிடம் நேராகக் கேட்டான். அவன் கட்டிலில் தலையணைகளுக்கு நடுவே சாய்ந்திருந்தான். அக்கா மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருந்தாள்.

“சித்தி, எனக்கு என்னதான் கெட்டுப்போச்சு? எல்லாரும் குசுகுசுன்னு பேசிக்கறாங்க. நீ சொல்லு.”

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் கணக்கில் அவன் எப்போதும் முதல். ஏமாற்ற முடியாது. ஒரு தாளை எடுத்து இடைவெளி விடாமல் எழுதிக் காட்டினேன்: படம்மரம்கடல்நகம்.

“இதைய மூணு மூணு எழுத்தாப் படி.”

“படம். மரம். கடல். நகம்.”

“உன்ற ஒடம்பும் இப்படித்தான் படிக்குது. மூணு எழுத்து, ஒரு சரக்கு. மூணு எழுத்து, ஒரு சரக்கு. அதையெல்லாம் கோத்தா தசைக்கு வேண்டிய ஒரு சத்து வரும். இப்ப நாலாவது எழுத்தை அடிச்சுப்போடறேன். மறுபடி மூணு மூணாப் படி.”

அவன் பென்சிலைப் பிடிக்க முடியாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான். “படம். ரம்க. டல்ந. கம்.” பிறகு, “ஒண்ணுமே புரியலையே” என்றான்.

“அதுக்கும் புரியறதில்ல. தப்புத் தப்பாக் கோக்கும். கொஞ்ச தூரம் போனதும் ‘நிறுத்து’ங்கற மாதிரி ஒரு மூணெழுத்து தானா வந்து விழும். நிறுத்திப்போடும். அரைகுறையா நிக்கற அந்தச் சங்கிலி எதுக்கும் ஆகாது. ஒடம்பே அதைய அழிச்சுப்போடும்.”

அவன் தாளைப் பார்த்தபடியே இருந்தான். “மூணு எழுத்தாப் போயிருந்தா?”

நான் முழு ‘மரம்’ என்பதையும் அடித்துக் காட்டினேன். படம். கடல். நகம்.

“ஒண்ணுதான் கொறையுது. மத்ததெல்லாம் சரியா வருதே.”

“ஆமா. அப்படிப் போனவீங்க ரொம்ப வருசம் நடப்பாங்க. கொஞ்சம் சிரமப்படுவாங்க. ஆனா நடப்பாங்க.”

“எனக்கு எத்தனை எழுத்துப் போச்சு?”

“நெறையப் போச்சு கண்ணு.”

“மூணால வகுத்தா மீதி எத்தனை வரும்?”

அதை அவன் கேட்பான் என்று நான் நினைக்கவில்லை. “ஒண்ணு” என்றேன்.

“ஒண்ணுதானா?”

வெளியே மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். பிறகு முகம் தெளிந்து, “அப்படீன்னா இன்னும் ரெண்டு எழுத்தை எடுத்துப்போட்டாச் சரியாப்போகுமில்ல சித்தி? மூணாயிருமே” என்றான்.

சரியாகப் போகும் என்பது உண்மை. எடுக்க ஆள் இல்லை என்பதும் உண்மை. “பெரிய ஆளுடா நீ” என்று சொல்லித் தலையைத் தடவிவிட்டு, வாய்க்கால் பக்கமாகப் போய் நின்றேன். நகலை ஒட்டும்போதே இன்னொரு துண்டைத் தவிர்த்துவிடச் செய்தால் கணக்கு நேராகிவிடும் என்று ஆராய்ச்சியாளர்கள் மருந்து செய்ய ஆரம்பித்ததெல்லாம் வெகு காலம் கழித்து. அந்தச் செய்தியை நான் படித்தபோது சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. முடியவில்லை.

முதுகலை முடித்து, கோவையிலேயே ஒரு கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். வீட்டில் எனக்கு வரன் பார்த்தார்கள். மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டி வைத்திருந்த குடும்பம். மாப்பிள்ளை பட்டதாரி, சாது. பெண் பார்த்துவிட்டுப் பிடித்திருக்கிறது என்று சொல்லி அனுப்பினார்கள். உறுதி செய்யும் முன்னால் அவரிடம் நான் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அப்பா தயங்கித்தான் சம்மதித்தார்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தக் குறை பெண்கள் வழியாக வருவது, அக்காவிடம் இருக்கிறது, என்னிடமும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் பிறக்கும் ஆண் குழந்தை ஒவ்வொன்றுக்கும் பாதிக்குப் பாதி. என் ரத்தத்தில் அந்த நொதி கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது. கூடுதல் என்பதால் உண்டு என்று அர்த்தமில்லை. அன்றிருந்த சோதனைகளில் எனக்கு உறுதியாகச் சொல்ல யாராலும் முடியவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். “நீங்க சொன்னது ரொம்ப நல்லதுங்க. ஊட்டுல கேட்டுச் சொல்றேனுங்க” என்றார். அவர் வீட்டிலிருந்து எந்தப் பதிலும் வரவில்லை. அவர்கள் மூலமாக விஷயம் மற்ற இடங்களுக்குப் போயிற்று. அதன்பின் வரன்களும் வரவில்லை.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். கரண்ட் இல்லை. தறிகள் நின்று, வீடு பழக்கமில்லாத அமைதியில் கிடந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அம்மா ரசத்தை ஊற்றும்போது திடீரென்று வெடித்தாள்.

“ஏம்புள்ள உன்னைய ஆரு போய்ச் சொல்லச் சொன்னது? சொல்லாம இருந்திருந்தா கழுத்துல ஒரு தாலி ஏறியிருக்கும்.”

“மறைச்சுக் கட்டிக்கச் சொல்றியாம்மா?”

“மறைச்சுத்தான் என்னையக் கட்டிக்குடுத்தாங்க!”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே கேட்டது போலிருந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்தாள். நான் எச்சில் கையோடு அப்படியே இருந்தேன்.

அம்மாவுக்கு ஓர் அண்ணனும் ஒரு தம்பியும் இருந்தார்கள். இரண்டு பேரும் சின்ன வயதில் வாந்திபேதியில் போனார்கள் என்றுதான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது பொய். இருவரும் நடந்துகொண்டிருந்தவர்கள், பத்து வயதை ஒட்டி நடை நின்றவர்கள். தம்பியை அம்மா இடுப்பில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போவாளாம். அவன் தன்னைவிடக் கனமான பிறகு அவளும் பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். இருவரும் போனபின் அவளுடைய அப்பா தாராபுரம் பக்கத்திலிருந்த நிலத்தை விற்றுவிட்டு யாருக்கும் தெரியாத வேறு ஊருக்குக் குடிபோனார். பெண்ணைக் கட்டிக்கொடுக்க வேண்டுமே. என் அப்பாவுக்குக்கூட அன்றுவரை தெரியாது.

“இவனுக்கு மூணு வயசிருக்கும்போதே அந்தக் கால நான் தொட்டுப் பாத்தேன்” என்றாள் அம்மா. “எல்லாரும் நல்லாருக்குது நல்லாருக்குதுன்னாங்க. என்ற தம்பிக்கும் அதே மாதிரிதான் இருந்துச்சு. அதுல இருந்து ஒரு வாய்ச் சோறு ருசிச்சுத் தின்னதில்ல நான்.”

“டாக்டர்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா எந்திரிச்சு நடந்திருப்பானா?”

இல்லை. நடந்திருக்கமாட்டான். அம்மாவிடம் நான் படித்ததையெல்லாம் சொல்லிப் பார்த்தேன். கோடிக்கணக்கான எழுத்துகளை உடம்பு ஓயாமல் நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறது, எங்கோ எப்போதோ ஒரு பிழை விழுந்துவிடுகிறது, அது உனக்கும் முன்னால் யாரிடமோ விழுந்தது, நீ வேண்டுமென்று கொடுக்கவில்லை, உனக்கு வந்ததைத்தான் நீ கொடுத்தாய் என்றேன். கேட்டுக்கொண்டாள்.

“ஆனாக் குடுத்தது நாந்தானே” என்றாள்.

கரண்ட் வந்தது. தறிகள் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. அதன்பின் பேச முடியவில்லை.

பையனின் பதிமூன்றாம் வயதில், ஐப்பசி மழையில் அவனுக்குச் சளி பிடித்தது. இருமுவதற்கு வேண்டிய தசைகள் அவனிடம் இல்லை. நெஞ்சில் கட்டிய சளியை வெளியே தள்ளத் தெம்பில்லாமல் மூச்சுத் திணறினான். கோவைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். நினைவு தெளிவாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னான். மழைச்சாரல் உள்ளே வரும் என்று நர்ஸ் சொன்னதற்கு, “வரட்டுங்க” என்றான்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் நாங்கள் மூவரும் உட்கார்ந்திருந்தபோது அம்மா அக்காவிடம் தன் அண்ணன், தம்பியைப் பற்றிச் சொன்னாள். நான் சொல்லியிருக்கவில்லை. அம்மாவே சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன்.

“எனக்குத் தெரியும்மா” என்றாள் அக்கா.

“ஆரு சொன்னா?” அம்மா என்னைப் பார்த்தாள்.

“ஆரும் சொல்லல. அந்த டாக்டர் கேட்டப்ப, அவரு வாய மூடறதுக்குள்ள இல்லீங்கன்னு சொன்னே பாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

“இத்தனை வருசமா எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலியே சாமி.”

“கேட்டு என்ன பண்றது? நீயும்தானே சொமந்துட்டு இருந்தே” என்றாள் அக்கா. அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அம்மா அழுதாள். அக்கா அழவில்லை.

பையன் மறுநாள் விடியும்போது போய்விட்டான். மச்சான் அவனைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏறினார். தூக்குவதற்கு அவர் யாரையும் விடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியபிறகு, நான் தோப்பு வீட்டில் அக்காவோடு சில நாட்கள் தங்கினேன். அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. அவனைப் புரட்டிப் படுக்கவைக்க, ஒன்றுக்குப் போகவைக்க, ஊட்ட என்று இருந்த வேலைகள் நின்றுபோனதில் கைகளை என்ன செய்வது என்று தெரியாமல் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். மச்சான் தோப்பிலேயே கிடந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் வருவார்.

ஒருநாள் பொழுதோடு, வெயில் தாழ்ந்த நேரத்தில், தேங்காய்களை உரித்துப் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிராமலேயே கேட்டாள்.

“ஏம்புள்ள, நீ காலேஜில இதைய இன்னும் நடத்தறியா?”

“ஆமாக்கா. ஒவ்வொரு வருசமும்.”

“எனக்குச் சொல்லு. தப்பாப் போறதைய வேண்டாம். சரியா நடந்தா எப்படி நடக்கும், அதைய மட்டும் சொல்லு.”

சொன்னேன். உள்ளறையிலிருந்து வரும் நகல். அதை மூன்று மூன்றாகப் படிக்கும் ரைபோசோம். சரியான அமிலத்தைச் சரியான இடத்தில் கொண்டுவந்து சேர்க்கும் சின்னச் சின்ன ஆர்.என்.ஏ.க்கள், நீளும் சங்கிலி, கடைசியில் நிற்க வேண்டிய இடத்தில் சரியாக நிற்பது, தானாக மடிந்து உருவமெடுப்பது. வகுப்பில் சொல்வதைவிட மெதுவாகச் சொன்னேன். அவள் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

“இதெல்லாம் எல்லாத்துக்குள்ளயும் நடக்குதா?”

“எல்லாத்துக்குள்ளயும். இந்த மரத்துக்குள்ளகூட.”

“இப்பவும்?”

“இப்பவுந்தான்.”

“எனக்குள்ளயும் நடந்துக்கிட்டேதான் இருக்குதா? எனக்கு மட்டும் நிக்கலையா?”

“நிக்கலக்கா.”

அவள் எதிரே கிடந்த மட்டைகளை ஒதுக்கித் தள்ளினாள். இருட்டத் தொடங்கியிருந்தது. பிறகு, “நின்னிருந்தாத் தேவலை” என்று சொல்லிவிட்டு, உரித்த காய்களைக் கூடையில் அள்ளிப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள்.